கண்ணாடியில் வைத்த பொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு நாளில் நடந்தது இது. பக்கத்தில் பள்ளங்கியில்தான் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்போது எனக்கு வயிற்றில் ஏழு மாதம் முடிகிற நேரம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். ஜீப்பில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பயம். பிடித்து நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று பயம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் குடும்பத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றி விட்டார்கள். அன்றைக்குக் கப்பலின் கம்பியைப் பிடித்த கை, அதன்பிறகு எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் இருந்தது. இந்த மலைக்கு வந்து அப்பா அம்மாவோடு கூலி வேலைக்குப் போக ஆரம்பித்ததில் பள்ளிக்கூடம் அப்படியே நின்றுபோனது.

என் வீட்டுக்காரர் பள்ளங்கிக்காரர். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற கொஞ்சம் காடு உண்டு. பேச்சுக் குறைவு. நான் தேநீரைத் 'தேத்தண்ணி' என்று சொல்வதைக் கேட்டால் மட்டும் சிரிப்பார்.

அதற்கு முந்தைய வருடம் எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம், நல்ல மழையில், ஜீப் வந்து சேருவதற்குள் வீட்டிலேயே பிறந்துவிட்டது. அழவில்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் காத்துக்கொண்டு கிடந்தேன். என் மாமியார் தன் முந்தானையால் என் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டார். "பாக்காத தாயி, பாக்காத" என்று மட்டும் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் வெளியே போகிற காலடிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. உயிரில்லாமல் பிறந்த பிள்ளையைப் பெற்றவள் பார்க்கக் கூடாது, பார்த்தால் அடுத்தது தங்காது என்பார்கள். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். கேட்கவும் கூடாது. நானும் கேட்கவில்லை.

ஆனால் மனது சும்மா இருக்குமா? அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. மாமியார் என்னை வீட்டுக்குள் உட்கார வைத்து, எதையும் அறுக்காதே, நறுக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிரகணம் விட்டுவிட்டது என்று நினைத்து நான் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்துவிட்டேன். விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கிரகணத்தில் நறுக்கினால் பிள்ளைக்கு உதடு பிளந்துபோகும், மூக்கு இல்லாமல் போகும் என்று குழாயடியில் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் என் பிள்ளையை எனக்குக் காட்டவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கண்ணை மூடினால் முகமில்லாத ஒரு பிள்ளை வரும். அதைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை.

அடுத்தது வயிற்றில் தங்கியபோது அந்தப் பயமும் கூடவே வளர்ந்தது. எட்டாம் மாதம் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

அன்றைக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை எடை பார்த்துவிட்டு நன்றாகவே திட்டினார். "நீ சாப்பிடாம இருந்தா அது எங்கம்மா போய் சாப்பிடும்? இப்படியே இருந்தா போன தடவை மாதிரிதான் ஆகும், பாத்துக்க" என்றார். ரத்தம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வரச் சொன்னார்கள். வராந்தா முழுக்கப் பிள்ளை பெற்றவர்களும் பெறப்போகிறவர்களும். ஒவ்வொரு குழந்தையின் உதட்டையும் நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"எந்திரி புள்ள. இங்கனயே உக்காந்து என்ன சோலி? வா, ஒரு எடம் காட்டுறேன்" என்றார்.

"மழை பெய்யுதே. வழுக்குமே. பஸ் போயிருமே."

"சாயங்கால பஸ்ஸு சாயங்காலந்தான் போகும். வெரசா வா."

டவுனுக்குக் கொஞ்சம் கீழே மிஷன்காரர்கள் நடத்திய ஒரு மியூசியம் இருந்தது. மலையில் உள்ள மிருகம், பறவை, பூச்சி, பாம்பு எல்லாவற்றையும் பாடம் பண்ணி வைத்திருக்கிற மியூசியம். சின்ன வயதில் காட்டில் செத்துக் கிடந்த ஒரு பெரிய மலை அணிலை அவர் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஒரு சாமியாரிடம் கொடுத்தாராம். "என் அணிலு உள்ள இருக்கு, பாத்துக்க" என்று பஸ்ஸில் போகும்போது சொன்னார். ஏதோ சொந்தக்காரரைப் பார்க்கக் கூட்டிப்போவது போன்ற குரல்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே அவ்வளவு அமைதியாக, மணம் வேறு மாதிரியாக இருந்ததா, கைகூட தானாகக் கும்பிடப் போய்விட்டது. அங்கே காவலுக்கு இருந்தவர், தலையில் மங்கி குல்லாவும் தோளில் துடைக்கிற துணியுமாக, எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது கோயில் இல்லம்மா. செருப்பப் போட்டுக்கங்க. தரை ஐஸ் மாதிரி கெடக்கு."

"பரவாயில்லைங்க" என்றேன். உள்ளே இருப்பதெல்லாம் செத்துப்போனவை. செருப்புக்காலோடு எப்படிப் போவது என்று எனக்கு இருந்தது.

"அப்ப உங்க இஷ்டம். கண்ணாடியத் தொடாதீங்க, சாயாதீங்க, மூச்சு விடாதீங்க. தொடச்சே என் கையி தேஞ்சுபோச்சு."

"மூச்சு விடாம எப்படிண்ணே பாக்குறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்தப் பக்கமாத் திரும்பி விடுங்க."

என் வீட்டுக்காரருடைய அணிலைத் தேடினோம். ஒன்று இருக்கும் என்று வந்தால் பல அணில்கள் கிளையில் உட்கார்ந்திருந்தன. இவர் ஒன்றைக் காட்டி இதுதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து இல்லை, வாலைப் பார்த்தால் அதுதான் என்றார். காவல்காரரையே கூப்பிட்டுக் கேட்டார்.

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. இந்த மலையில பாதிப் பேரு எனக்கு அணிலு குடுத்தவங்கதான்" என்றார் அவர்.

பல மாதங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவருக்கும் சந்தோஷம். காட்டெருமைத் தலையைக் காட்டினார், வண்ணத்துப்பூச்சிகளைக் காட்டினார். ஒரு பெட்டியில் கடல் சங்கும் சிப்பியும்கூட இருந்தன. இத்தனை உயரத்துக்கு ஏறி வந்து உட்கார்ந்திருக்கின்றனவே, இவற்றையும் கப்பலில் ஏற்றித்தான் விட்டார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் எனக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் போனார். போனவர் உடனே திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது.

"இங்கிட்டு வேணாம் புள்ள. வெறும் பாட்டிலுக. வா, அந்தக் காட்டெருமையவே இன்னொருக்கா பாப்போம்."

பயந்தவளிடம் எதையாவது மறைத்தால் அவள் விடுவாளா? அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். முதல் ஜாடியில் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று. அடுத்ததில் கொஞ்சம் பெரிது. அதற்கடுத்ததில் கையும் காலும். தாயின் வயிற்றில் பிள்ளை மாதாமாதம் எப்படி வளர்கிறது என்று காட்டுவதற்காக, பிறக்காமல் போன பிள்ளைகளை மருந்துத் தண்ணீரில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் எத்தனையாம் மாதம் என்று ஒட்டியிருந்தது. நான் விரலால் எழுத்துக் கூட்டிக்கொண்டே போனேன். எட்டாம் மாதத்தில் வந்து நின்றேன்.

பூனைக்கும் பயப்படுகிற எனக்கு அங்கே பயமே வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம். அந்தப் பிள்ளை கண்ணை மூடி, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நகம் இருந்தது. புருவம் இருந்தது. அது எழுந்துவிடக் கூடாது என்பது போல நான் மெதுவாகத்தான் பேசினேன்.

"ஏங்க. இப்படித்தான் இருந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்குறேன்ல. முகம் இருந்துச்சா?"

சட்டென்று நிமிர்ந்தார். "என்ன கேள்வி இது? முகம் இல்லாம?"

"உதடு?"

"ஏ புள்ள... நீ இத்தன நாளா என்னத்த நெனச்சுக்கிட்டு இருந்த?"

கிரகணத்தையும் பீன்ஸையும் சொன்னேன். குழாயடியில் கேட்டதைச் சொன்னேன். கண்ணை மூடினால் வருகிற முகமில்லாத பிள்ளையைச் சொன்னேன். எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கத்தில் நெருங்கி வந்து நின்று, அந்த ஜாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"பொம்பளப் புள்ள."

என் பிள்ளை பெண் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"முடி இதவிட நெறைய. உன்னைய மாதிரி அகலமான நெத்தி. உதடு சின்னதா, அழகா இருந்துச்சு. ஒரு கொறையும் இல்ல. கை வெரலு, காலு வெரலு எல்லாத்தையும் எண்ணிப் பாத்தேன். இருவதும் இருந்துச்சு."

"நீங்க எண்ணுனீங்களா?"

"பெத்தவன் எண்ண மாட்டானா?"

அந்த மனிதரும் அந்தப் பிள்ளையைப் பெற்றவர் என்பது அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு உறைத்ததே இல்லை. எனக்காவது முந்தானையால் மூட ஒருவர் இருந்தார். அவர் கையில் பிள்ளையைக் கொடுத்து மழையில் அனுப்பிவிட்டோம். அவர் தனியாகப் பார்த்து, தனியாகப் புதைத்துவிட்டு வந்து, அடுத்த நாள் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். காட்டின் மேல்கோடியில் பேரிக்காய் மரத்தடியை மட்டும் அவர் கொத்தாமல் விட்டுவருவதைப் பார்த்து, சோம்பல் என்று நான் நினைத்திருக்கிறேன்.

"அன்னைக்கு மழையாச்சே. குளிருமே" என்றேன். செத்த பிள்ளைக்குக் குளிருமா என்றெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை.

அவர் கை தன் கழுத்துக்குப் போனது.

"மப்ளர்ல சுத்தித்தான் வெச்சேன்."

கல்யாணமான புதிதில் என் கூலியில் அவருக்கு ஒரு சிவப்பு மப்ளர் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று அவர் சொன்னபோது எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்! அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து சோறு தின்றுகொண்டிருந்தாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு டூரிஸ்ட் கூட்டம் உள்ளே நுழைந்தது. பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளுமாக அலமாரியை மொய்த்துக்கொண்டு, "ஐயோ, பாவம்", "எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குத் திக்கென்றது. தினம் தினம் இத்தனை பேர் பார்த்தால் கண் படாதா? யாராவது சுற்றிப் போடுவார்களா? என் விரல் தானாக என் கண்ணுக்குப் போனது. கண் மையைத் தொட்டு, எட்டாம் மாதத்துப் பிள்ளையின் கன்னத்துக்கு நேராக, அலமாரிக் கண்ணாடியில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன்.

"அம்மா! என்ன பண்றீங்க?" காவல்காரர் வேகமாக வந்தார். "தொடாதீங்க தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? இப்ப இத யாரு தொடைக்கிறது?"

போலீஸைக் கூப்பிடுவாரோ என்றுகூட நினைத்தேன். என் வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. புள்ளைக்குக் கண்ணு பட்ருமேன்னு வெச்சுட்டா."

காவல்காரர் என் வயிற்றைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். தோளிலிருந்து துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மேலே துடைத்தார், கீழே துடைத்தார், டூரிஸ்ட் பிள்ளைகளின் கைரேகை எல்லாவற்றையும் துடைத்தார். அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் துணி சுற்றிக்கொண்டு போனது.

"போறப்ப செருப்ப மறந்துராதீங்க" என்றார், எங்களைப் பார்க்காமலே.

வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. சும்மா பசி இல்லை, வயிற்றைக் கிள்ளுகிற பசி. எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பன்னும் வடையும் தின்றேன். "இன்னொரு தேத்தண்ணி சொல்லுங்க" என்றேன். அவர் வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது. வயிற்றில் இருந்த பிள்ளையும் சூடு பட்டதும் ஒரு உதை விட்டது. அவர் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டேன், கடையில் ஆள் இருக்கிறார்கள் என்ற பயம்கூட இல்லாமல்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தோம். பஸ் ஓடத் தொடங்கியதும் பழைய பயம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டேனே. மாமியாருக்குத் தெரிந்தால்? வீட்டில் சொல்ல வேண்டாம் என்று இவரிடம் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தேன்.

மாமியார் அடுப்படியில் இருந்தார். "ஏலே, மாசமா இருக்கவள மழையில எங்கடா இழுத்துக்கிட்டுத் திரியுற?" என்று மகனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

இவர் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார். "மூத்தவளப் பாத்துட்டு வாரோம்மா."

மாமியாரின் கையில் இருந்த கரண்டி நின்றது. மியூசியத்தையும் ஜாடியையும் இவர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும் வரை அவர் திரும்பவே இல்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போச்சு, என்னால்தான் எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கும் ரெண்டு போச்சு. எனக்கெல்லாம் எவ காட்டுனா?" என்றார் அடுப்பைப் பார்த்தபடியே. அது இவருக்கே புதுச் செய்தி. பிறகு ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டு, "எல்லாரும் வந்து போற எடத்துலயா வெச்சிருக்காங்க? ஒரு பொட்டாச்சும் வெச்சுட்டு வந்திருக்கலாம்ல" என்றார்.

"வெச்சுட்டேன், அத்தை."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கண்ணில் மட்டும் மை கலைந்திருந்த என் முகத்தை, ஒரு வருடத்துக்கு முன் என் கண்ணை மூடிய அதே முந்தானையால் துடைத்துவிட்டார். "சரி. உக்காந்து சாப்புடு. ஆறிப்போகுது" என்றார். அன்றைக்கு மறுபடியும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டாம் மாதம் தாண்டியது. ஒன்பது முடிந்து பத்தில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுதது. விரல்களை எண்ணும் வேலையை நான் அவருக்கே விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளை இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். நான் அங்கே போகும்போதெல்லாம் என்னை எங்கேயாவது கூட்டிப்போகிறாள். பழைய ரயில் பெட்டிகளை வைத்திருக்கிற மியூசியம், வெண்கலச் சிலைகளை வைத்திருக்கிற மியூசியம், கடல் காற்று அடிக்கிற இடத்தில் பழைய காசுகளையும் பீரங்கிகளையும் வைத்திருக்கிற மியூசியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கே போனாலும் வாசலில் என் கால் செருப்பை விட்டுவிடும். "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க, போட்டுக்கோம்மா" என்பாள் அவள். கையில் எடுத்துக்கொள்வேனே தவிர போடுவதில்லை. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் இருப்பது யாரோ ஒருவர் கையால் தொட்டு, யாரோ ஒருவர் விட்டுப் பிரிந்த பொருள்தானே.

பயம் என்னைவிட்டு முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர் "ரெண்டு பொண்ணுங்க" என்று சொல்லும்போது, எனக்குள்ளே அகன்ற நெற்றியும் நிறைய முடியும் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டுமாக என் மூத்தவள் தெளிவாகத் தெரிகிறாள். காணாத முகத்துக்குப் பயந்த எனக்கு, தெரிந்த முகத்துக்காக அழுவது எவ்வளவோ லேசாக இருக்கிறது.